ஒரே புத்தகம், படிப்பவர் இரண்டு பேர்: அடையாளம் வைப்பது எப்படி?

மாம்பலம்வாசி | ஞாயிறு, காலை 10.15

வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு குறைந்திருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஜனவரியில் நந்தனம் கண்காட்சியில் ஒரு தடியான நாவல் வாங்கினேன். எழுநூறு பக்கத்துக்கு மேல், கெட்டி அட்டை. பிரதி ஒன்றுதான். மனைவி மத்தியானம் படிக்கிறார், நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. நான் அன்றைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்துச் செருகுவேன். அப்பா அப்படிச் செய்வார், எனக்கும் ஒட்டிக்கொண்டது. மனைவி பக்கத்தின் முனையை மடிப்பார். எனக்குப் பார்க்கவே கூசும். சொல்லிப் பார்த்தேன். "காசு கொடுத்து வாங்கினது படிக்கவா, கும்பிடவா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை வரை இப்படியே ஓடியது. அன்றைக்கு அம்மா, போன கிருத்திகை என்றைக்கு வந்தது என்று பார்க்க என் காலண்டர் தாளை உருவியிருக்கிறார். பார்த்து முடித்ததும் பத்திரமாகத் திருப்பி வைத்தும் விட்டார், தனக்குத் தோன்றிய பக்கத்தில். நான் நிறுத்திய இடத்திலிருந்து எண்பது பக்கம் தள்ளி. தூக்கக் கலக்கத்தில் நானும் அங்கிருந்தே தொடர்ந்தேன். ஒருவருக்குப் பதின்மூன்றாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ராத்திரிதான் அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருந்தார்.

சரி, மனைவியின் மடிப்பை வைத்தாவது கதை எங்கே போகிறது என்று பிடிக்கலாம் என்றால், மடித்ததை அவர் நிமிர்த்துவதே இல்லை. புத்தகம் முழுக்க முப்பது நாற்பது மடிப்பு. எது நேற்றையது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் குழப்பமில்லாமல் அடையாளம் வைக்க வழி சொல்லுங்கள். இன்னொரு பிரதி வாங்கு என்று மட்டும் வேண்டாம்.

தாம்பரம் ஃபாஸ்ட் | ஞாயிறு, காலை 10.32

இன்னொரு பிரதி வாங்குங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். கடைசி வரியைப் பார்த்ததும் திரும்பிப் போகிறேன்.

லஸ்கார்னர் | ஞாயிறு, காலை 11.05

தம்பி, காலண்டர் தாளை விடாதீர்கள். அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்பதோடு எந்தத் தேதியில் நிறுத்தினோம் என்பதையும் சொல்லும். ராகுகாலம் போனஸ்.

நான் பழைய புத்தகம் வாங்கியே பென்ஷனைக் கரைத்தவன். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோகும் வரை வாரம் ஒரு நாள் அங்கே இருப்பேன். கடைக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனபோது பின்னாலேயே போனேன். இப்போது லஸ்ஸோடு சரி, முழங்கால் அதற்குமேல் விடுவதில்லை. புத்தகத்தை வாங்கினதும் முதல் வேலை, இரண்டு அட்டையையும் பிடித்துத் தலைகீழாக உதறுவது. இதுவரை விழுந்தவை: பைசாக் கணக்கில் விலை அச்சிட்ட பல்லவன் பஸ் டிக்கெட்டுகள் ஏராளம், ஒரு இன்லண்ட் லெட்டர் (படித்தேன், தப்புதான்), கோயில் விபூதிப் பொட்டலம், காதுகுத்துப் பத்திரிகை, ஒரு பரீட்சை ஹால் டிக்கெட். அந்தப் பையன் பரீட்சை எழுதினானா என்று இன்றுவரை எனக்குக் கவலை.

பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆரம்பித்தது 1972-ல். ஆகவே அந்த டிக்கெட் இருந்தால், அந்தப் புத்தகத்தை 72-க்குப் பிறகு யாரோ பஸ்ஸில் படித்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லலாம். நடுவிலேயே டிக்கெட் நின்றுபோயிருந்தால், அதற்குமேல் படிக்கவில்லை என்றும் சொல்லலாம். சில ஆசிரியர்களின் புத்தகங்களில் டிக்கெட் எப்போதும் முதல் ஐம்பது பக்கத்துக்குள்தான் இருக்கும். பெயர் சொல்ல மாட்டேன்.

பைண்டர் மகள் | ஞாயிறு, மதியம் 12.20

எங்கள் அப்பா திருவல்லிக்கேணியில் பைண்டிங் கடை வைத்திருந்தார், இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் மைதாப் பசை வாசனையில் வளர்ந்தவள். ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு பேரையும் திட்டும் உரிமை எனக்கு உண்டு.

முதலில் மடிப்பு. காகிதம் என்பது மரக்கூழின் இழைகள். மடித்த கோட்டில் இழை நசுங்கி முறிகிறது. நிமிர்த்தி, மேலே அரிசி மூட்டையையே வைத்தாலும் கோடு போகாது. புதுத் தாள் தாங்கும். ஐம்பது வருடத்துப் பழைய மட்டத் தாள் என்றால் மடித்த முக்கோணம் கையோடு வரும். கடைக்கு வருகிற பழைய புத்தகங்களைக் கத்தரிக்கும் முன்னால் மடிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்த்தும் வேலை சின்ன வயசில் எனக்குத்தான். மடித்தபடியே வெட்டினால் அந்தத் தாளுக்கு மட்டும் ஒரு முனை நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் காலண்டர் தாள் ஒன்றும் சாதுவில்லை, லஸ்கார்னர் ஐயா. அது இருப்பதிலேயே மட்டமான தாள். அதில் இருக்கிற லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கும், அமிலம் உண்டாகும், பக்கத்துத் தாளுக்கும் அது இறங்கும். வருடக்கணக்கில் விட்டால், தாளை எடுத்த பிறகும் அதே அளவில் பழுப்பாக ஒரு நிழல் நிற்கும். செய்தித்தாள் துண்டும் அப்படியே. ஜெம் கிளிப் போடுகிறவர்களுக்கு நம் ஊர்க் கடல்காற்றே பதில் சொல்லிவிடும்: ஒரு மழைக்காலம் போதும், கிளிப்பின் உருவம் துருவாகப் பக்கத்தில் பதிந்துவிடும். ஒட்டுச்சீட்டை எடுத்தாலும் பிசுக்கு மிச்சம் இருக்கும், அதில் தூசி பிடிக்கும்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை. எல்லாரும் அதை நீளமாக வெட்டி வைக்கிறார்கள், நல்ல கெட்டி அட்டை என்று. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் பட்ட பக்கத்தை வெளுக்க என்னிடம் வழி கிடையாது. மூலைகளை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள்.

அப்பா வைத்தது ஒன்றே ஒன்று: தைத்து மிச்சமான பருத்தி நூல். மெல்லிசு, துரு இல்லை, சாயம் இல்லை, முதுகைப் பிளக்காது.

தாம்பரம் ஃபாஸ்ட் | ஞாயிறு, மதியம் 1.02

திரும்பி வந்துவிட்டேன். என் அடையாளம் ரயில் டிக்கெட். இப்போதைய தாள் இல்லை, அந்தக் காலத்துக் கெட்டி அட்டை டிக்கெட். எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த அளவு, 57 மில்லிமீட்டருக்கு 30. கவுண்ட்டரில் டடக் என்று தேதி குத்திக் கொடுப்பார்களே, அது. மாமா ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தார், எனக்கு வந்தது. சட்டைப் பையில் நிற்கும், புத்தகத்தைப் பிதுக்காது.

பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அதில் புத்தகம் படித்தவர்கள் எத்தனை பேர் இந்த அட்டையைச் செருகியிருப்பார்கள்! இப்போது டிக்கெட் செல்பேசியில். செல்பேசியைப் புத்தகத்துக்குள் வைத்து மூட முடியாது. முயற்சி செய்திருக்கிறேன், கிண்டியில் கீழே விழுந்தது.

இன்னொன்று, பஸ் கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் சீட்டு வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் எழுத்து வரும் தாள் அது, ஒரு கோடைக்குள் வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். லஸ்கார்னர் சார் மாதிரி ஆட்கள் வருங்காலத்தில் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது.

வடபழனி | ஞாயிறு, மதியம் 2.40

ரூபாய் நோட்டை அடையாளமாக வைக்கிறவர்கள் யாராவது உண்டா? நான் வைப்பேன். அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. 2018-ல் அலமாரியை ஒழித்தபோது ஒரு சமையல் புத்தகத்தில், ரசப்பொடிக்குப் பக்கத்தில், பழைய ஐந்நூறு ரூபாய் கிடைத்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாமல் போன அதே நோட்டு. பேங்கில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த ஐம்பது நாளும் இது ரசப்பொடிக்குக் காவல் இருந்திருக்கிறது.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நல்ல தாள்.

ராயபுரம் ஜோ | ஞாயிறு, மாலை 4.15

பூசைக்குப் போய்விட்டு வந்து இதைப் படித்தேன், விடை கையிலேயே இருக்கிறது. பீடத்தில் வைக்கும் திருப்பலிப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகிலிருந்து நாலைந்து பட்டு நாடா தொங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அன்றைய நாளுக்கான ஜெபம் ஒரு இடத்தில், எல்லா நாளுக்கும் பொதுவானது இன்னொரு இடத்தில். ஃபாதர் முன்னும் பின்னும் புரட்டவேண்டும், தேடிக்கொண்டு நிற்க முடியாது. சின்ன வயசில் பலிபீடப் பையனாக இருந்தபோது பூசைக்கு முன்னால் நாடாக்களைச் சரியான இடத்தில் எடுத்து வைப்பது எங்கள் வேலை. ஒரு தடவை பச்சையையும் சிவப்பையும் மாற்றி வைத்துவிட்டு வாங்கின குட்டு இன்னும் மறக்கவில்லை.

நீங்களும் இரண்டு நிறத்தில் நாடா போடுங்கள். முதுகோடு ஒட்டியிருந்தால் அம்மா உருவவும் முடியாது.

ஐஸ்ஹவுஸ் அனீஸ் | ஞாயிறு, மாலை 5.05

ஜோ சொன்ன நாடா எங்கள் வீட்டுக் குர்ஆனிலும் இருக்கிறது. ஆனால் எங்கள் நன்னிமாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அது தேவைப்பட்டதே இல்லை. குர்ஆன் முப்பது ஜுஸ்வாகப் பிரிந்திருக்கும். ரமலானில் ஒரு நாளைக்கு ஒரு ஜுஸ்வு, மாதம் முடியும்போது ஓதி முடித்துவிடலாம். பிறை எத்தனை என்று தெரிந்தால் எங்கே நிறுத்தினோம் என்பதும் தெரியும். ரேகால் என்கிற தாங்கியில் வைத்து ஓதிவிட்டு மூடி, துணியில் சுற்றி வைப்பார். மறுநாள் நேராக அந்த இடத்தைத் திறப்பார். கதைப் புத்தகத்துக்கு அப்படி யாரும் முப்பதாகப் பிரித்துத் தருவதில்லை. தந்தால் நன்றாக இருக்கும்.

கன்னிமாரா பூனை | ஞாயிறு, இரவு 7.48

சொந்தப் புத்தகத்தை மடிப்பதோ கடிப்பதோ அவரவர் இஷ்டம். நான் பேச வந்தது நூலகப் புத்தகத்தைப் பற்றி. எழும்பூர் கன்னிமாரா 1896-லிருந்து திறந்திருக்கிறது. அங்கே ஒரு பழைய நூலை எடுத்தால், எனக்கு முன்னால் எத்தனை பேர் எங்கெங்கே அலுத்துப்போனார்கள் என்று மடிப்பை வைத்தே சொல்லிவிடுவேன். இருபதாம் பக்கத்தில் ஒரு மடிப்பு, முப்பத்தைந்தில் ஒன்று, அறுபதில் ஒன்று. அப்புறம் கடைசி வரை சுத்தம்.

அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கவேண்டும், வெளியே எடுத்துப்போக முடியாது என்கிற புத்தகங்களில் உள்ளே எதை வைத்தும் பயனில்லை. நாளைக்கு வேறொருவர் கேட்டு வாங்குவார், நீங்கள் வைத்த துண்டு கீழே விழும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் புத்தகத்தின் பெயர், பக்க எண், நிறுத்திய வரியின் முதல் மூன்று சொற்கள், இவ்வளவும் எழுதிக்கொள்வேன். அந்த மூன்று சொல் ரொம்ப முக்கியம். பக்கத்தைத் திறந்ததும் கண் நேராக அங்கே போகும், மேலிருந்து திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பதினோரு வருட நோட்டு வைத்திருக்கிறேன். படித்த புத்தகங்களை விட அந்த நோட்டுகளைப் படிக்க இப்போது நன்றாக இருக்கிறது.

சித்தப்பா வாடகை நூலகம் வைத்திருந்தார். அங்கே வேறு ஒரு வகை அடையாளம் உண்டு. இந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்தோமா என்று மறந்துபோகும் பெரியவர்கள், இருபத்தேழாம் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் சுழி, ஒருவர் நட்சத்திரம், ஒரு மாமி பிள்ளையார்சுழி. அடுத்த முறை எடுக்கும்போது முதலில் இருபத்தேழைத் திருப்பிப் பார்ப்பார்கள். தன் குறி இருந்தால் வேறு புத்தகம். சித்தப்பாவுக்கு அழிரப்பரே தேயவில்லை, அழிக்க மனசு வரவில்லை என்பார்.

மட்டுறுத்துனர் | ஞாயிறு, இரவு 8.10

மயிலிறகு குட்டி போடுமா என்பது பற்றி வந்த ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பென்சில் சீவலைத் தீனியாக வைப்பது பற்றியும் அங்கேயே பேசலாம்.

இரவுவிளக்கு | ஞாயிறு, இரவு 9.30

காகிதத்தோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? நான் கிண்டிலுக்கு மாறி வருடக்கணக்காகிறது. மூடினால் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமெல்லாம் மாறிப்போகுமே என்று பயப்பட வேண்டாம், பக்கத்தை விட்டுவிட்டு இடத்துக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் பிரச்சினை இதில் தீராது, இன்னும் மோசமாகும். நானும் கணவரும் ஒரே கணக்கு, ஆளுக்கொரு கருவி. ஒரே நாவலை இரண்டு பேரும் ஆரம்பித்தோம். கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, இரண்டில் யார் அதிக தூரம் போயிருக்கிறார்களோ அந்த இடத்துக்கு வருகிறீர்களா என்று மற்றவரைக் கேட்கும். நான் நூற்றைம்பதாம் பக்கத்தில் இருக்கிறேன், அவர் கடைசி அத்தியாயத்தில். பழக்கதோஷத்தில் சரி என்று தட்டிவிட்டேன். கொலை செய்தது யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துபோயிற்று. உங்கள் அம்மாவாவது எண்பது பக்கத்தோடு விட்டார். அந்த ஒத்திசைவை அமைப்பில் போய் நிறுத்தலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஏடும் எழுத்தும் | ஞாயிறு, இரவு 10.55

பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் ஒரு ஆர்வம். ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். கயிற்றின் நுனியில் ஏடுகள் உருவி விழாமல் இருக்க ஒரு முடிப்பு, அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். துளையில் செருகும் கம்பிக்கு நாராசம். இரண்டு பக்கமும் மரச்சட்டம். பக்கத்துக்கு எண் கிடையாது, ஏட்டுக்குத்தான் எண். முன்னும் பின்னும் சேர்ந்து ஒரே எண்.

நம் காதில் 'நாராசமாக' விழுகிறது என்கிறோமே, அந்தக் கம்பிதான் அது. காய்ச்சிக் காதில் விட்டால் எப்படி இருக்கும்!

ஒன்று நிச்சயம், பனை ஏட்டின் முனையை மடிக்க முடியாது, ஒடிந்துவிடும். மாம்பலம்வாசியின் மனைவி அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பார்.

ஜாபர்கான்பேட்டை | திங்கள், காலை 7.20

பிளாஸ்டிக் அட்டைக்கு இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. நான் வாங்குகிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு எங்கள் தெருவுக்கு வந்தது. கீழ் இரண்டு தட்டுப் புத்தகம் முழுக்க நனைந்துபோயிற்று. கல்யாணப் பத்திரிகை வைத்திருந்த புத்தகங்களில் பத்திரிகையின் சிவப்புச் சாயம் முப்பது பக்கத்துக்கு ஊறியிருந்தது. வழவழப்புத் தாளில் அச்சான ஒரு சிற்பப் புத்தகம், காய்ந்ததும் செங்கல் மாதிரி ஒரே கட்டி. பிரிக்கவே முடியவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திறந்தது: கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் அடையாளம் இருந்த இடத்தில். இடப்பக்கம் ஒரு நடராசர், வலப்பக்கம் ஒரு துவாரபாலகர். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் அந்தக் கட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

விரல்நுனி | திங்கள், காலை 11.40

திரைவாசிப்பானில் இந்த இழையை முழுக்கக் கேட்டேன். மடிப்பவர்களுக்கு ஆதரவாக ஒருவர் கூட இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பார்வை இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது, அங்கே போவேன். வீட்டிலும் கொஞ்சம் பிரெய்ல் புத்தகங்கள் உண்டு. பல்லவன் டிக்கெட், பட்டு நாடாவின் நிறம், காலண்டர் தேதி எல்லாம் எனக்கு ஒன்றுதான். மெல்லிசான எதுவும் விரலுக்குத் தட்டாது. சரி, கெட்டியாக எதையாவது வைக்கலாம் என்றால், அதன்மேல் பாரம் ஏறும்போது புள்ளி நசுங்கும். பிரெய்லில் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளிகளுக்கான இடம். ஒன்று தட்டையானால் எழுத்து மங்குவதில்லை, வேறு எழுத்தாகிவிடும். என் நண்பர் ஒருவர் மூக்குப்பொடி டப்பாவை வைத்து மூடி, ஒரு கவிதையையே மாற்றி எழுதிவிட்டார்.

முனை மடிப்பு மட்டும் அப்படியில்லை. மூடிய புத்தகத்தின் மேல் ஓரத்தில் விரலை ஓட்டினால் சட்டென்று ஒரு பள்ளம் தட்டும். தாளும் கெட்டி, சீக்கிரம் முறியாது. ஓரத்தில் புள்ளியும் கிடையாது. நூலகப் புத்தகத்தில் மடிக்கமாட்டேன், அங்கே முடிச்சுப் போட்ட நூல். சொந்தப் புத்தகத்தில் மடிப்புதான்.

பிரெய்லில் ஒரு நாவல் பல தொகுதியாக வரும் என்பதால், எந்தத் தொகுதி என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும். அனீஸ் பாயின் நன்னிமாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைண்டர் மகள் | திங்கள், மதியம் 12.15

விரல்நுனி அண்ணா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டித் தாளுக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மட்டத் தாளுக்கு வாங்க மாட்டேன்.

ஜோ சொன்ன நாடாவைப் பற்றி: கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் வீட்டிலேயே போடலாம். திறந்து பிடித்தால் முதுகுத் துணிக்கும் தாள் கட்டுக்கும் நடுவில் ஒரு குகை தெரியும். அந்த அகலத்துக்கு ஒரு அட்டைத் துண்டு வெட்டி, நாடாக்களின் நுனியை அதில் ஒட்டி, காய்ந்த பிறகு மேலிருந்து உள்ளே தள்ளிவிடுங்கள். குகை இல்லாமல் முதுகு ஒட்டியே இருந்தால் தம்பியிடம்தான் வரவேண்டும். மெல்லட்டைப் புத்தகத்தில் பசை நேராக முதுகில் இருக்கும், அங்கே நாடா நிற்காது. நீளம் முக்கியம்: பக்கத்தின் குறுக்கு மூலை அளவுக்கு மேல் இரண்டு அங்குலம் விடுங்கள். குட்டையாக இருந்தால் கீழே பிடித்து இழுக்க வராது. நுனியைச் சாய்வாக வெட்டி, பிரியாமல் இருக்க லேசாகப் பசை தொட்டுவிடுங்கள்.

பசை நீங்களே காய்ச்சினால் மைதாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்கள். இல்லாவிட்டால் பூச்சிக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. இராமபாணம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் வெள்ளிப்பூச்சியும் உண்டு, துளை போடும் வண்டின் புழுவும் உண்டு. மாவுப் பண்டம் என்றால் வெள்ளிப்பூச்சி முதல் பந்தி. துத்தம் விஷம், காய்ச்சிய பாத்திரத்தை அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வேப்பிலையை அடையாளமாக வைக்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். நிழலில் சருகாகக் காய்ந்த பிறகு என்றால் வைக்கலாம். பச்சையாக வைத்தால் இலையின் சாறு உருவமாகவே பதியும்.

முனைமடிப்பு | திங்கள், மாலை 3.30

எல்லாருக்கும் வணக்கம், இது என் முதல் பதிவு. மேற்படி மனைவி நான்தான். கணினியை மூடாமல் ஆபீஸ் போயிருக்கிறார்.

முப்பது நாற்பது மடிப்பு என்று எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. அதில் மேல் முனையில் மடித்தது ஒன்றே ஒன்று, அதுதான் நான் நிறுத்திய இடம். அடுத்த நாள் அதை நிமிர்த்திவிட்டுத்தான் வேறு இடத்தில் மடிப்பேன். மற்ற இருபத்தொன்றும் கீழ் முனை. அதெல்லாம் திரும்பப் படிக்கவேண்டும் என்று தோன்றிய பக்கங்கள். இரண்டு மாதமாக ஒரே புத்தகத்தைப் படிக்கிறோம், மேலே மடித்திருக்கிறாயா கீழே மடித்திருக்கிறாயா என்று இவர் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. கூசுகிறது என்பார், அவ்வளவுதான்.

காலண்டர் தாள் காணாமல் போனது வியாழக்கிழமை மட்டும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை புத்தகம் மார்பில் கவிழ்ந்து, தாள் கட்டிலுக்கடியில் கிடக்கும். காலையில் பெருக்கும்போது எடுத்து, தோராயமாக ஒரு இடத்தில் வைப்பது நான். இதுவரை அவருக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

விரல்நுனி சார், ரொம்ப நன்றி.

லஸ்கார்னர் | திங்கள், மாலை 3.41

வாங்க வாங்க. தம்பி, ஆபீசிலிருந்து வரும்போது பூ வாங்கிக்கொண்டு போங்கள். பூவைப் புத்தகத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

தாம்பரம் ஃபாஸ்ட் | திங்கள், மாலை 3.44

இந்த இழையை நான் அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.

மாம்பலம்வாசி | அடுத்த ஞாயிறு, காலை 9.50

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

பைண்டர் மகள் சொன்னபடி அட்டைத் துண்டில் இரண்டு நாடா ஒட்டி முதுகுக் குகைக்குள் தள்ளினேன். ஜாக்கெட் பிட்டு விற்கிற கடையில் மீட்டர் கணக்கில்தான் தருவேன் என்றார்கள், ஆகவே வீட்டில் இன்னும் ஆறேழு புத்தகத்துக்கு நாடா இருக்கிறது. பச்சை எனக்கு, அரக்கு மனைவிக்கு. மேல் முனையை இப்போது மடிப்பதில்லை. கீழ் முனை மடிப்பு தொடர்கிறது, அது பேச்சுவார்த்தைக்கு இல்லையாம். அந்த இருபத்தொரு பக்கத்தையும் நான் படித்துப் பார்த்தேன். பதினாறு எனக்கும் பிடித்திருந்தது. மற்ற ஐந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, இன்னொரு தடவை படியுங்கள் என்கிறார்.

புதிய சிக்கல். நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு சண்டை போடும்படி அதில் என்னதான் இருக்கிறது என்று அம்மாவும் படிக்க ஆரம்பித்துவிட்டார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் குக்கர் சத்தம் வரை. நாடா வேண்டாம், தாள் வேண்டாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அப்படியே உள்ளே வைத்து மூடிவிடுகிறார். நாலே நாளில் முதுகில் தையல் விட்டு, நடுவில் ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், தனியாக வந்துவிட்டது. அதில் மூன்று கீழ் மடிப்பு இருக்கிறது என்பதால் வீட்டில் நிலைமை பழையபடி.

பைண்டர் மகள் அக்கா, தம்பி கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? தைக்கக் கொடுத்தால் எத்தனை நாளாகும்? மூன்று பேரும் நடுவில் நிற்கிறோம்.